ஃபெயிலானால் தாங்கும், குரூப் தப்பினால் தாங்காது: நம்ம பத்தாவதும் பிளஸ் டூவும்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் இரண்டே கேள்விகள். ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். தலா 8 மதிப்பெண், இரண்டிலும் ‘இது அல்லது அது’ என்று சாய்ஸ் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தளி என்று எந்தப் பக்கத்து அரசுப் பள்ளியானாலும், பொங்கல் கழிந்ததும் சாயங்கால வகுப்பில் பிள்ளைகள் காம்பஸும் கையுமாக உட்கார்ந்து துரத்துவது இந்த 16-ஐத்தான். தேர்ச்சிக்கு வேண்டியது 35. 16 கைக்கு வந்துவிட்டால் மிச்சம் 19. பதினாலு ஒன் வேர்டில் பாதி சரியானால் 7, இரண்டு மதிப்பெண் கேள்வியில் ஆறு சரியானால் 12. கரையேறியாயிற்று.

மாநிலப் பாடத்திட்டச் சான்றிதழின் குணமும் குறையும் அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும். தாள் எந்த வடிவத்தில் வரும் என்பது ஊருக்கே தெரியும்: 14 ஒன் வேர்டு, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, கடைசியில் இந்த இரண்டு. டியூஷனுக்கு வழியில்லாத சித்தேரி மலைப் பிள்ளைக்கும் எங்கே பிடித்தால் பாஸ் என்று தெரியும். அதே தாளில், தொடுகோடு வரையத் தெரிந்து, அது ஏன் ஆரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது என்று தெரியாமலே பாஸாகவும் முடியும். பாஸான கையோடு பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்பும் கேட்கலாம். அங்கேதான் வினை ஆரம்பம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றவரைத் தூக்கிவிடுவதில் இந்த அமைப்பு அருமை. பதினைந்து வயதில் குரூப் எடுக்கும் பிள்ளைக்கு வழிகாட்டுவதில் படுமோசம்.

மதிப்பெண் கணக்கில் ஏமாறும் இடங்கள்

பத்தாவதில் ஐந்து பாடம், மொத்தம் 500. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. இங்கே மொத்தம் 35 வந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. போதாது. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 தனித்தனியாக வேண்டும். செய்முறையில் முழுசாக 25 வாங்கி எழுத்தில் 19 எடுத்தால் மொத்தம் 44 வரும், ரிசல்ட் ஃபெயில் என்று வரும். செய்முறை மதிப்பெண் தாராளமாக விழுவது ஊரறிந்த சங்கதி. அதை நம்பி அறிவியல் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் ஜூலையில் திரும்ப எழுதுகிறார்கள்.

பிளஸ் டூவில் ஆறு பாடம், 600. 2018 மார்ச் வரை இது 1200 ஆக இருந்தது. செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்துக்கு 90-ம் 10-ம். எழுத்தில் 70-க்கு 15, அல்லது 90-க்கு 25 எடுத்தாக வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். அந்த அகமதிப்பீடு 10 எப்படிப் பிரிகிறது என்றால், வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்புக்கு 2, இணைச் செயல்பாடுகளுக்கு 2. கிட்டத்தட்ட எல்லோருக்கும் முழுசாகவே விழுவதால் இதை வைத்து ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையிலிருந்து பிரித்தறிய முடியாது. வைத்தும் பயனில்லை, எடுத்தால் போராட்டம் நடக்கும் என்கிற வகை.

ஒன் வேர்டில் ஒரு சின்னக் கண்ணி. கேள்வித்தாளிலேயே ‘குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்’ என்று போட்டிருக்கும். (ஆ) என்று மட்டும் எழுதினாலோ, குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதினாலோ மதிப்பெண் கிடையாது. இயற்பியலில் 70-க்கு 15, கணக்கில் 90-க்கு 20 இந்த வகைக் கேள்விதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் கட் ஆஃபில் அரை, ஒன்று என்று இழப்பது பெரும்பாலும் இங்கேதான், தெரியாத பாடத்தில் இல்லை. காலை 10 முதல் 10.10 வரை கேள்வித்தாள் படிக்க, அடுத்த 5 நிமிடம் முகப்புத் தாளில் விவரம் சரிபார்க்க, 10.15-க்கு எழுத ஆரம்பம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்த சாய்ஸை விடுவது என்று முடிவு கட்டிக்கொள்ளாத பிள்ளை, பாதி எழுதி அடித்துவிட்டு வேறு கேள்விக்குத் தாவும்.

பொறியியல் சேர்க்கையில் இந்த மதிப்பெண்ணுக்கு இன்னும் முழு மரியாதை இருக்கிறது. 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு கட் ஆஃப், அவ்வளவுதான். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ, தருமபுரி செட்டிக்கரையில் இருக்கும் கல்லூரியோ, கோச்சிங் காசு இல்லாமல் நுழையலாம். மற்ற மாநிலத்துக்காரர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். மருத்துவத்தில் கதை வேறு. 2017 முதல் நீட் வந்தபின் பிளஸ் டூ மதிப்பெண் அங்கே வெறும் தகுதிச் சீட்டு.

விற்பனைக்குப் பிந்தைய சேவை

இதில்தான் முழு மதிப்பெண் போடலாம். மே மாதம் ரிசல்ட். தோற்ற பாடத்துக்கு ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரங்களிலேயே துணைத்தேர்வு. தேறினால் அதே வருடம் பிளஸ் ஒன், கல்லூரி, பாலிடெக்னிக் எங்கேயும் சேரலாம். ஒரு வருடம் வீணாகாது. தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை, விழுந்ததை மட்டும் எழுதினால் போதும். விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் தக்கல் என்று கூடுதல் கட்டணத்தில் இரண்டு நாள் போல் வாசல் திறப்பார்கள். அதையும் விட்டால் அடுத்த தேர்வுதான்.

பிளஸ் டூவில் மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும், பாடத்துக்கு 275 ரூபாய். நகல் பார்த்தபின் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு. மறுகூட்டல் 205 ரூபாய், உயிரியலுக்கு 305. மறுமதிப்பீடு 505. ரிசல்ட் வந்ததும் சில நாள்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். படித்த பள்ளியிலோ, தனித்தேர்வரென்றால் எழுதின மையத்திலோ கொடுக்க வேண்டும்.

நகல் கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு பக்கமாகப் போய், சிவப்பு மை படாத விடை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடுதல் தாளின் கடைசிப் பக்கம் அடிக்கடி தப்பும் இடம். பிறகு பக்கவாரி மதிப்பெண்ணைக் கூட்டி முகப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கூட்டல் தப்பு என்றால் மறுகூட்டல் போதும். திருத்தினதே தப்பு என்று தோன்றினால் வெளியாகும் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, இரண்டு மதிப்பெண்ணாவது நிச்சயம் வரும் என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். குறையவும் குறையலாம். ஆசைக்குப் போட்டுப் பார்க்கிற லாட்டரி அல்ல அது.

குறை ஒன்று உண்டு. தேறிய பாடத்தில் மதிப்பெண் கூட்டிக்கொள்ள மறுபடி எழுத வழியில்லை. சி.பி.எஸ்.இ.யில் 2026 முதல் பத்தாவதுக்கு வருடத்தில் இரண்டு தேர்வு, நல்லதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே அம்மை போட்டுக்கொண்டு வேதியியல் எழுதி 52 எடுத்த பிள்ளைக்கு அந்த 52 ஆயுசுக்கும் 52-தான். அதே பிள்ளை அன்று பரீட்சைக்கே போகாமல் இருந்திருந்தால் துணைத்தேர்வில் 90 எடுத்திருக்கலாம். இந்த முரணை இத்தனை வருடமாக யாரும் சரிசெய்யவில்லை.

குரூப்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் பள்ளி வராந்தாவில் நடக்கும் பேச்சுதான் ஒரு பிள்ளையின் அடுத்த நாற்பது வருடத்தைத் தீர்மானிக்கிறது. ‘மார்க் நல்லா இருக்குது, ஃபர்ஸ்ட் குரூப் போட்டுடுங்க சார்.’ ‘கம்மியா இருக்குது, மூணாவது குரூப்தாம்மா கிடைக்கும்.’ மொத்தம் மூன்று நிமிடம்.

கதவுகள் இப்படித்தான் பூட்டுகின்றன. பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கணக்கு இல்லாத உயிரியல் குரூப் எடுத்தால் மருத்துவம், செவிலியர், வேளாண்மை பக்கம் போகலாம், பொறியியல் போச்சு. கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுத்தால் பொறியியல் உண்டு, பி.எஸ்சி. நர்சிங் போச்சு. வணிகவியல் எடுத்தால் இரண்டும் போச்சு. அறிவியல் குரூப் படித்தவர் நினைத்தால் பி.காம்., பி.ஏ., சட்டம் என்று இறங்கி வரலாம். வணிகவியல் படித்தவர் அறிவியல் பக்கம் ஏற முடியாது. ஒருவழிப் பாதை. இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே நாலு வரியில் அச்சடித்துக் கொடுத்தால் காகிதச் செலவு தவிர வேறு செலவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. அஞ்செட்டிப் பக்கமோ வத்தல்மலையிலோ இருக்கிற பிள்ளை, கிட்ட இருக்கும் பள்ளியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. பஸ் எத்தனை மணிக்கு என்பது பாடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே சுற்றியுள்ள மூன்று நாலு பள்ளிகளில் என்னென்ன குரூப், இயற்பியலுக்கும் கணக்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, விடுதி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். குரூப் பெயரை நம்பாமல் அதில் அடங்கிய நாலு பாடத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். ஒரு பள்ளியில் ‘செகண்ட் குரூப்’ என்பது இன்னொரு பள்ளியில் வேறாக இருக்கும். மாற்ற நினைத்தால் சேர்ந்த முதல் சில வாரத்துக்குள் எச்.எம்.மைப் பார்க்க வேண்டும். காலாண்டு முடிந்தபின் யாரைப் பார்த்தும் பயனில்லை.

பத்தாவது கணக்கில் 16 மதிப்பெண் வழியாகக் கரையேறிய பிள்ளைக்குக் கணக்கு குரூப் கொடுக்கலாமா? மதிப்பெண்ணைப் பார்க்காமல் இயற்கணிதத்தைப் பாருங்கள். ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி, விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கத் தெரிந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். 70 எடுத்திருந்தும் அது தெரியாவிட்டால் பிளஸ் ஒன்னில் எல்லையும் வகையிடலும் வரும்போது பிள்ளை திண்டாடும்.

பிளஸ் ஒன்: வந்தது, போனது

நாமக்கல் முதல் கிருஷ்ணகிரி வரையிலான விடுதிப் பள்ளிகளின் ஒரு பழக்கம் மாநிலம் முழுக்கப் பிரசித்தம். பிளஸ் ஒன் பாடத்தை ஆடியில் ஆரம்பித்து ஆவணியில் மூடிவிட்டு, மீதி ஒன்றரை வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைப்பது. இதை உடைக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அதே 2017-இல் ரேங்க் அறிவிப்பையும் நிறுத்தினார்கள். (ரேங்க் நின்றது, ஃப்ளெக்ஸ் நிற்கவில்லை. மே மாதம் நான்கு ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும்.) 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது. அதையொட்டி 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்து.

பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்புவதற்குக் கதவு திறந்தாயிற்று. பிளஸ் ஒன் கணக்கில் முக்கோணவியல், எல்லை, வகையிடல், தொகையிடலின் ஆரம்பம் எல்லாம் இருக்கின்றன. இயற்பியலில் விசை, ஆற்றல், வெப்ப இயக்கவியல். இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுவதற்கு இந்த ஓட்டை பெரிய காரணம். நீட், ஜே.இ.இ. இரண்டும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. பள்ளி தேடும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘பிளஸ் ஒன் டிசம்பரில் எந்தப் புத்தகம் நடக்கும்?’ பதில் சொல்ல இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

விடுதிப் பள்ளிக்கு மாற்றும்முன் இன்னொரு கணக்கு. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. பத்து வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, கடைசி இரண்டு வருடம் லட்சங்கள் கட்டி விடுதியில் போட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவியும் கூடவே போகும். காசு கொடுத்து உரிமையை இழக்கிற வியாபாரம் இது ஒன்றுதான் இருக்கும்.

ஓசூர்ப் பக்கத்துக்கு மட்டும் சில சங்கதிகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒவ்வொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாவதைத் தொட்டது. அதிலிருந்து பல வருடம் சிறுபான்மை மொழி மாணவர்கள் நீதிமன்றம் போய் விலக்கு வாங்கித்தான் எழுதினார்கள். கடைசி நேரம்வரை எந்த மொழித் தாள் எழுதப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை படிப்பது எவ்வளவு கொடுமை! இந்த ஊர்களில் தமிழை ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டில் கவனித்துக்கொள்வது நல்லது. அரசு வேலைக்குப் போனாலும் டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளைத் திருத்துவார்கள். தமிழ்வழியில் படித்தவருக்கு 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின் அதற்குக் கல்லூரி மட்டும் தமிழ்வழி என்றால் செல்லாது, பள்ளியும் தமிழ்வழியாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது பெயர். பத்தாவது சான்றிதழில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும்தான் பாஸ்போர்ட் முதல் பென்ஷன் வரை துரத்தும். உருதுப் பெயர், கன்னடப் பெயர் தமிழில் ஒரு மாதிரியும், ஆதாரில் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் முழுசாக, பள்ளியில் பாதியாக. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பள்ளியில் நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதுவோர் விவரப் பட்டியல், தயாரிக்கும்போது உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் பிள்ளையே வீட்டுக்கு எடுத்துப்போய், படிக்காமல் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்விடும். அன்றைக்கு ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தலைப்பெழுத்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மாறியிருக்கிறதா பாருங்கள். அப்போது எச்.எம். ஒரு கிளிக்கில் மாற்றுவார். அச்சானபின் திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பம் பள்ளியில் தொடங்கி சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போய்வர வேண்டும்.

பள்ளியை விட்டவர்களுக்கு

தனித்தேர்வராகப் பத்தாவது எழுத நினைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது அறிவியல் செய்முறைப் பயிற்சிப் பதிவு. தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே அது தனியாக நடந்துவிடும். குறிப்பிட்ட பள்ளியில் பயிற்சிக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. வேலைக்குச் சேரும்போதே சூப்பர்வைசரிடம் பேசி, அந்த நாட்களுக்கு இரண்டாம் ஷிஃப்ட் வாங்கிக்கொள்வது உத்தமம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., இன்னொரு வழி. தேர்ச்சிக்கு 33 சதவீதம், பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். வேலையோடு படிக்க வசதியான ஏற்பாடு. ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழின் இணைத்தன்மை பற்றிச் சர்ச்சை எழுந்திருக்கிறது. அரசு வேலைதான் குறி என்றால் சேர்வதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல் வேண்டாம். புத்தகம், ஃபீஸ், பாஸ் எல்லாம் தன் பொறுப்பு என்று சொல்கிறவரிடம் ஐந்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஓசூர், தருமபுரி ஐ.டி.ஐ.களில் படிப்பவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் இருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர், பிளஸ் டூ தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று வாங்கலாம். எட்டாவதோடு ஐ.டி.ஐ. போனவருக்கும் இதே முறையில் பத்தாவதுக்கு இணை. ஃபிட்டர் படித்தவர் இயற்பியல், வேதியியல் பக்கமே திரும்ப வேண்டாம். மொழித் தாளுக்கு அரசுப் பாடநூலே போதும், பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.